"4ஜிபி கார்டு சார், 4கே எல்லாம் ஓடும்" என்றால் நம்பிவிடாதீர்கள்

வீடியோ பார்ப்பதற்காகப் பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு கேம் எல்லாம் வேண்டாம், 4கே எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை) வீடியோ திக்காமல் ஓடினால் போதும், இந்தக் கார்டு அதை டீகோட் செய்யுமா, அதாவது சுருக்கியதைப் பிரித்துப் படமாக்குமா என்று விற்றவரிடம் தெளிவாகத்தான் கேட்டேன். "4ஜிபி கார்டு சார், 4கே எல்லாம் ஓடும்" என்று அடித்துச் சொன்னார். பெட்டியிலும் 4கே என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மாட்டி, டிரைவர் போட்டு, 10 பிட் (நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை) எச்.265 வீடியோவைத் திறந்தால் சத்தம் பாட்டுக்குப் போகிறது, படம் நின்று நின்று வருகிறது. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தில் 'வீடியோ டீகோட்' கோடு அசையவே இல்லை. இதற்கு முந்தைய முறையான எச்.264 ஃபைலைப் போட்டதும் அதே கோடு ஏறுகிறது, ப்ராசஸர் அடங்கிவிடுகிறது. ஆக, கார்டில் பழுது எதுவும் இல்லை, எச்.265-ஐப் பிரிக்கும் சர்க்யூட்டே அந்தப் பழைய மாடலில் கிடையாது.

இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கேமுக்கு உழைக்கும் கோர்கள் வேறு, வீடியோவைப் பிரிப்பதற்கென்றே சிப்புக்குள் வைத்திருக்கும் தனிப் பகுதி வேறு. அந்தப் பகுதிக்கு எந்தெந்த கோடெக் (எச்.264, எச்.265 போன்ற சுருக்கும் முறை) தெரியும் என்பது சிப் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, பிறகு டிரைவரை எத்தனை முறை புதுப்பித்தாலும் இல்லாத சர்க்யூட் முளைக்காது. மெமரிக் கணக்கும் அப்படித்தான். பிரித்த 4கே ஃபிரேம் ஒன்று 8 பிட்டில் சுமார் 12 எம்பி, பத்துப் பதினைந்து ஃபிரேம்களைச் சேர்த்து வைத்தாலும் 200 எம்பிக்குள் அடங்கும், அதற்கு 4ஜிபி என்று பெருமை பேசி என்ன பயன்? பெட்டியில் போட்டிருந்த 4கே, மானிட்டருக்கு அந்த ரெசல்யூஷனில் படம் அனுப்ப முடியும் என்பதைத்தான் சொல்கிறது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "டிஸ்ப்ளே வருதுல்ல, அப்புறம் என்ன சார்" என்கிறார். கேட்ட கேள்விக்குத் தப்பான பதிலைச் சொல்லி விற்றுவிட்டு இப்படிப் பேசுவது அநியாயம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாங்குவதென்றால் ஜிபி கணக்கை விட்டுவிட்டு மாடல் பெயரை வைத்து, தயாரிப்பாளரின் டீகோட் அட்டவணையில் எச்.265 10 பிட், விபி9, ஏவி1 ஆகிய மூன்று கோடெக்குகளையும் தனித்தனியாகப் பாருங்கள். என்விடியாவில் ஏவி1 டீகோட் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில்தான் வந்தது. புது மாடல் என்பதை மட்டும் நம்பவும் முடியாது, 2022-ல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் ஏவி1 டீகோட் இல்லை. இன்டெல் 7-ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸே 10 பிட் எச்.265-ஐப் பிரித்துவிடும், அது இருந்தால் இதற்காகத் தனிக் கார்டே தேவைப்படாது. முடிந்தால் நீங்கள் பார்க்கிற மாதிரி ஃபைல் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய், அந்த 'வீடியோ டீகோட்' கோடு ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.