மீன் விலைப் பக்கத்துக்கு சர்வர் ரெண்டரிங்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் அனுப்பும் ஒரு அண்ணனுக்காக நான் பார்த்துக்கொள்ளும் தளம் இது. ரியாக்ட்டில் (பக்கங்களைச் சிறு பகுதிகளாக, அதாவது காம்பொனென்ட்களாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதியது. முதலில் எல்லாமே பிரவுசரில்தான் ஓடியது. பிறகு ரியாக்ட்டின் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸுக்கு மாற்றி, சில வருடங்களாக சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறோம்.

சர்வர் ரெண்டரிங் என்றதும் கூகுள் தேடல், வேகம் என்றுதான் பேசுவார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் வாட்ஸ்ஆப். அண்ணன் விடியற்காலையில் விலைப் பக்கத்தின் லிங்க்கை ராயபுரம், தண்டையார்பேட்டை குழுக்களில் போடுவார். லிங்க்குக்கு மேலே வரும் தலைப்பையும் படத்தையும் வாட்ஸ்ஆப் எச்டிஎம்எல்லில் இருந்துதான் எடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்காது. பிரவுசரில் மட்டும் ஓடும் ரியாக்ட் தளத்தில் அந்த எச்டிஎம்எல் கிட்டத்தட்ட காலிப் பெட்டிதான், எந்தப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு. சர்வருக்கு மாறியபின் ‘வஞ்சிரம், இன்றைய விலை’ என்று படத்தோடு வருகிறது. திறக்காமலேயே பாதிப் பேர் விலையைத் தெரிந்துகொள்கிறார்கள். அது நல்லதா என்று அண்ணனுக்கு இன்னும் சந்தேகம்தான்.

அப்புறம் வந்த புகார் வேறு மாதிரி. “இன்னா தம்பி, வெலை வந்துருது, பட்டனை அமுத்துனா கம்முனு கீது.” இதுதான் ஹைட்ரேஷன் தொல்லை. சர்வர் அனுப்புவது பார்க்க முழுப் பக்கம், ஆனால் அதில் உயிர் இல்லை. அதே காம்பொனென்ட்களின் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி, பிரவுசரில் இன்னொரு முறை ஓடி, பட்டன்களோடு இணைந்தால்தான் வேலை செய்யும். நல்ல போனில் அந்த இடைவெளி கண்ணில் படாது. 2 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டில் நன்றாகவே தெரியும். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, சஸ்பென்ஸ் என்ற குறியீட்டைப் போட்டுப் பிரித்த பகுதிகளைத் தனித்தனியாக ஹைட்ரேட் செய்யும், விரல் பட்ட பகுதிக்கு முன்னுரிமையும் தரும். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். எங்களுக்கு உண்மையில் தீர்வு தந்தது அந்த பட்டனைச் சாதாரண வாட்ஸ்ஆப் லிங்க்காக மாற்றியது. ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பே வேலை செய்கிறது.

பெரிய மாற்றம் சர்வர் காம்பொனென்ட்கள், அதாவது சர்வரில் மட்டுமே ஓடும் பகுதிகள். 2023 மே மாதம் நெக்ஸ்ட் 13.4-ல் இவற்றைப் பயன்படுத்த வழிசெய்யும் ஆப் ரவுட்டர் நிலைபெற்ற பிறகு, விலை வரிசைகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் போனுக்குப் போவதே இல்லை. எடையை மாற்றும் பெட்டிக்கு மட்டும் ‘யூஸ் கிளையன்ட்’, அதாவது பிரவுசரிலும் ஓட வேண்டும் என்ற குறிப்பு. ஒரு குறை உண்டு: ரியாக்ட் தன் கணக்குக்காக அதே உள்ளடக்கத்தை இன்னொரு வடிவத்திலும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும். பட்டியல் நீண்டால் பக்கம் கனத்துப்போகும்.

இந்த ஊர் நேரத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆக, நள்ளிரவு முதல் காலை 5:30 வரை சர்வருக்கு அது நேற்று. காசிமேட்டில் வியாபாரம் சூடு பிடிப்பதே விடியலுக்கு முன்புதான்! சர்வர் நேற்றைய தேதியை எழுதி அனுப்ப, போன் இன்றைய தேதியைக் கணக்குப் போட, இரண்டும் ஒத்துப்போகாமல் ரியாக்ட் அந்தப் பகுதியையே பிரவுசரில் திரும்ப வரையும். பகலில் எவ்வளவு சோதித்தாலும் இது சிக்காது. தேதியை ‘ஏசியா/கொல்கத்தா’ (இந்திய நேரத்துக்கான பெயர்) என்று குறிப்பிட்டு சர்வரிலேயே முடிவு செய்து, வெறும் எழுத்தாகக் கீழே அனுப்பிவிடுங்கள்.

கேஷ், அதாவது ஒருமுறை எடுத்ததைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் விஷயத்தில், நெக்ஸ்ட்டின் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெக்ஸ்ட் 13, 14-ல் தகவலைக் கேட்டு வாங்கும் ஃபெட்ச், எடுத்ததைத் தானாகச் சேமித்து வைத்துக்கொள்ளும். 2024 அக்டோபரில் வந்த 15-ல் அதை மாற்றிவிட்டார்கள், நாம் சொன்னால்தான் சேமிக்கும். மீன் விலைக்குப் புதிய வழக்கம்தான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, பட்டியலும் சுருங்கிவிடும். அப்போது ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் தயாரிப்பது வீண், மணிக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும்.

செலவும் கவலையும் கூடியது உண்மை. முன்பு நிலையான கோப்புகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இப்போது சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் எப்போதும் ஓட வேண்டும். 2025 டிசம்பரில் சர்வர் காம்பொனென்ட்களில் வெளியான பாதுகாப்பு ஓட்டை, வெளியாள் சர்வரில் தன் நிரலை ஓட்டும் அளவுக்கு மோசமானது, தீவிர மதிப்பெண் 10-க்கு 10. வெறும் கோப்புகளாக இருந்திருந்தால் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

அதனால் விலைப் பக்கமும் மீன் பக்கங்களும் மட்டும் சர்வரில். அண்ணன் விலை ஏற்றும் பக்கத்தை யாரும் பகிரப்போவதில்லை. அது பழையபடி பிரவுசரிலேயே ஓடுகிறது.