சட்டம் வெளியிட அகோமா என்டோசோவும் ‘கிட்’ (Git) கருவியும்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மூன்று மாதமாக இந்த ஜோடியோடுதான் பொழுது போகிறது. அகோமா என்டோசோ என்பது சட்ட ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் (உரையின் ஒவ்வொரு பகுதியையும் ‘டேக்’ எனும் குறிச்சொல்லால் அடையாளப்படுத்தும் முறை) வடிவம், 2018இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையானது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃபில் 12ஆம் பிரிவு என்பது வெறும் படம். இதில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனி அடையாளம் இருப்பதால் 12(3)க்கு நேராக இணைப்பு கொடுக்கலாம், எந்தத் திருத்தம் எந்த நாளில் அமலுக்கு வந்தது என்பதையும் அதற்குள்ளேயே குறிக்கலாம். சம்பவம் நடந்த அன்று சட்டம் எப்படி இருந்தது என்று வக்கீல் கேட்டால் பழைய அரசிதழ்களைப் புரட்ட வேண்டியதில்லை.

கோப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் இன்னும் சுகம். ‘மற்றும்’ என்பது ‘அல்லது’ ஆனால்கூட அந்த வரி சிவப்பும் பச்சையுமாகப் பல்லைக் காட்டும் (சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குத்தானே வழக்கே!). ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: கமிட் செய்த (அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதிந்த) தேதி வேறு, அமலுக்கு வந்த தேதி வேறு. முன்தேதியிட்டு வரும் திருத்தத்தைக் கிட் வரலாற்றை மட்டும் நம்பிப் படித்தால் தப்பாகத்தான் புரியும், நான் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டேன்.

குறை என்றால் டேக் குவியல். நாலு வரிச் சட்டத்துக்கு நாற்பது வரி. அட்டவணைகளைக் கையால் ஏற்றும்போது அழுகையே வந்தது. வேர்டில் பழகிய வரைவாளர்களிடம் இதை அப்படியே நீட்டினால் ஓடிவிடுவார்கள், அவர்களுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் லியோஸ் எடிட்டரைக் காட்டுங்கள், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான்.