கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டம்: சின்னக் கம்பெனி வெப்சைட்டுக்குப் போதுமா?

சென்னிமலை பெட்ஷீட் கடையானாலும் கோவை பம்ப்செட் கம்பெனியானாலும் வெப்சைட் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். ஐந்தாறு பக்கம், பொருள்களின் படங்கள், ஒரு விசாரணைப் படிவம். கிளவுட்ஃப்ளேர் என்பது பார்வையாளருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் நின்று தாக்குதலைத் தடுக்கும் சேவை. இந்த மாதிரி சைட்டுக்கு அதில் மாதம் இருபது, இருபத்தைந்து டாலர் கட்டி ப்ரோ திட்டம் எடுப்பது வீண் செலவு. இலவசத் திட்டமே போதும், அமைப்பைச் சரியாகச் செய்தால்.

டொமைனின் நேம்சர்வரை கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றியதும் முதலில் அங்கே எஸ்எஸ்எல் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) பக்கத்தைப் பாருங்கள். 'ஃப்ளெக்சிபிள்' என்று இருந்தால் பிரவுசரில் எச்டிடிபிஎஸ் என்று காட்டும். ஆனால் கிளவுட்ஃப்ளேரிலிருந்து உங்கள் சர்வர் வரை எல்லாம் பூட்டில்லாமல்தான் போகும். சர்வரிலும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று போட்டிருந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' வையுங்கள். அதற்கு உங்கள் சர்வரில் போட வேண்டிய ஆரிஜின் சான்றிதழ் அங்கேயே இலவசம், 15 வருடம் வரை எடுக்கலாம்.

அடுத்து டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள். ஆரஞ்சு மேகம் என்றால் கிளவுட்ஃப்ளேர் வழியாகப் போகும், சாம்பல் மேகம் என்றால் நேராகப் போகும். 'மெயில்' என்ற பதிவுக்கும் ஆரஞ்சு மேகத்தைப் போட்டுவிட்டால் அவுட்லுக்கில் மெயில் நின்றுவிடும். அந்த வழியில் மெயில் போர்ட்டுகள் போகாது. சாம்பல் மேகமாக விட்டால் மெயில் ஓடும், ஆனால் மெயிலும் சைட்டும் ஒரே சர்வர் என்றால் அதன் ஐபி வெளியே தெரிந்துவிடும். தாக்குபவர் கிளவுட்ஃப்ளேரைத் தொடாமலே நேராக வருவார். மெயிலைத் தனி சேவைக்கு மாற்றிவிட்டு, சர்வருக்குள் கிளவுட்ஃப்ளேர் ஐபிகளை மட்டும் விடச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.

இலவசத்தில் ஐந்து ஃபயர்வால் விதிகள் எழுதலாம். இரண்டே போதும்: லாகின் பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தால் சோதனை, வேர்ட்பிரஸை வெளியிலிருந்து இயக்க உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்புக்கு முழுத் தடை. ஜெட்பேக் ப்ளக்இன் வைத்திருந்தால் இரண்டாவது வேண்டாம், ஜெட்பேக் வேலை செய்யாமல் போகும்.

பேக்கப் இதில் கிடையாது. திருட்டு தீமுக்குள் ஒளிந்து வரும் நிரலையும், அப்டேட் செய்யாத ப்ளக்இன் ஓட்டையையும் நம்பி விடும் அளவுக்கு இது அடைக்காது.

திருப்பூர், கரூர் ஏற்றுமதிக்காரர்களுக்குப் பணம் பறிபோகும் வழி வேறு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு (வாங்குபவருக்கு) உங்கள் பெயரில் போலி மெயில் போகும். உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப், மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து போடுவது டிகிம், தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மூன்றையும் இதே டிஎன்எஸ் பக்கத்தில் காசில்லாமல் பதியலாம். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. டிமார்க்கை முதலில் 'நன்' (none, எதுவும் செய்யாதே) என்று வைத்து அறிக்கையைப் பாருங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் மெயிலும் தேறுகிறது என்று தெரிந்த பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). அவசரப்பட்டால் உங்கள் இன்வாய்ஸே பையரின் ஸ்பாமில் கிடக்கும்.

ஓரெழுத்து மாற்றி வாங்கிய போலி டொமைனை டிமார்க்கும் தடுக்காது. கணக்கு எண் மாற்றம் என்று மெயில் வந்தால் போனில் கேட்காமல் பணம் போட வேண்டாம் என்று ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.