ஆல்பைன் லினக்ஸில் கெர்னலும் மென்பொருளும் கம்பைல் செய்வது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய லினக்ஸ் விநியோகத்தை அன்றாடக் கணினியில் போட்டு, கெர்னலிலிருந்து (இயங்குதளத்தின் மையக்கரு) ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும்) மென்பொருள் வரை மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்து புழங்கியதில் தெளிவாகத் தெரிந்தது இது: கெர்னல்தான் சுலபமான பகுதி. புதிதாக வருபவர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் கெர்னல் எந்த சி லைப்ரரியோடும் (நிரல்களுக்கு அடிப்படை ஃபங்ஷன்களைத் தரும் தொகுப்பு) இணைவதில்லை. ஆல்பைனின் சி லைப்ரரியான மசல் இருந்தாலும், மற்ற பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் ஜிலிப்சி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். தகராறெல்லாம் அதற்கு மேலே ஓடும் மென்பொருள்களில். எல்லா லினக்ஸிலும் ஜிலிப்சியும் குனு கருவிகளும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை ஏராளம்.

கணினி திங்க்பேட் எக்ஸ்230. 2012இல் வந்த மாடல், ஐ5-3320எம், இரண்டு கோர், நான்கு த்ரெட், 8 ஜிபி ராம், சாட்டா எஸ்எஸ்டி. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலோ கரோசெல் விற்பனைத் தளத்திலோ இந்தத் தலைமுறைக் கணினிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆல்பைன் 2014இல் 3.0 பதிப்பில் யூசிலிப்சி என்ற சி லைப்ரரியை விட்டு மசலுக்கு மாறியது. கட்டளைகளுக்கு பிஸிபாக்ஸ், சேவைகளுக்கு ஓப்பன்ஆர்சி. கீழே வருவது 3.21க்கும் அதன் 6.12 நீண்டகால ஆதரவுக் கெர்னலுக்கும் பொருந்தும்.

நிறுவும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஆல்பைனை டிஸ்க்லெஸ் முறையில் ஏற்றினால் ரூட் முழுக்க ராமில் இருக்கும். அங்கே கெர்னல் மூலநிரலை விரித்தாலே 1.5 ஜிபிக்குக் குறையாமல் போய்விடும், பாதிக் கம்பைலில் இடமில்லை என்று நிற்கும். கம்பைல் வேலைக்கு, வட்டிலேயே நிறுவும் சிஸ் முறைதான் சரி.

தேவையான பேக்கேஜ்களை ஒரு மெய்நிகர் பெயரின் கீழ் போடுவது ஆல்பைனின் பேக்கேஜ் மேலாளரான ஏபிகேயின் அருமையான வசதி. 'ஏபிகே ஆட்' கட்டளையோடு 'வர்ச்சுவல்' தெரிவைக் கொடுத்து ஒரு பெயர் சூட்டினால், வேலை முடிந்தபின் அந்த ஒரே பெயரை நீக்கினால் போதும், அத்தனையும் சுத்தமாகப் போய்விடும். கெர்னலுக்கு வேண்டியவை: பில்ட்-பேஸ், பைசன், ஃப்ளெக்ஸ், பெர்ல், பிசி, எல்ஃப்யூட்டில்ஸ்-டெவ், ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ், என்கர்சஸ்-டெவ், லினக்ஸ்-ஹெடர்ஸ், கேமாட், குனு டார், ஃபைண்ட்யூட்டில்ஸ், டிஃப்யூட்டில்ஸ், பாஷ். எல்ஃப்யூட்டில்ஸ் இல்லாவிட்டால் ஆப்ஜ்டூல் என்ற கெர்னலின் துணைக் கருவியைக் கட்டும் இடத்திலேயே நிற்கும். குனு டார் இல்லாத குறை கடைசியில்தான் தெரியும். கெர்னல் ஹெடர்களைக் கெர்னலுக்குள்ளேயே அடைக்கும் தெரிவு கான்ஃபிக்கில் (கெர்னலில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) இருந்தால், அந்த ஸ்கிரிப்ட் டாரிடம் பெயர்வாரியாக வரிசைப்படுத்தச் சொல்லும். பிஸிபாக்ஸ் டாருக்கு அது தெரியாது. அதுவரை ஓடியதெல்லாம் சரியாக இருக்க, தெரியாத தெரிவு என்று ஒரே வரியில் நின்றுவிடும்.

கெர்னல் டாட் ஆர்கிலிருந்து இறக்கும் எக்ஸ்இசட் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். கையொப்பம் போடப்பட்டிருப்பது சுருக்கிய கோப்புக்கு அல்ல, உள்ளே இருக்கும் டார் கோப்புக்கு. முதலில் எக்ஸ்இசட்டை விரித்து, அந்த டாரைத்தான் கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜி கருவியிடம் கொடுக்க வேண்டும்.

இனி கான்ஃபிக். பூட் அடைவில் இருக்கும் ஆல்பைனின் சொந்த கான்ஃபிக் கோப்பை மூலநிரல் அடைவுக்குள் நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தால் அப்படியே கட்டலாம். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்குமான மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டுகள்) அதில் இருக்கும். இந்த ஐ5இல் அது இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். நேரம் அரை மணியை ஒட்டி இறங்கும்.

இந்த வெட்டு இரக்கமில்லாதது. அந்தக் கணத்தில் செருகப்படாத எதுவும் புதிய கெர்னலில் இருக்காது. வழக்கமாக நடப்பது இது: புதிய கெர்னலில் தம்ப் டிரைவைச் செருகுவார்கள், மவுண்ட் ஆகாது. டிமெசேஜ் பதிவைப் பார்த்தால் ஃபேட் கோப்பு முறைமைக்கு சிபி437 கோட்பேஜ் கிடைக்கவில்லை என்றிருக்கும். டிரைவ் பழுதில்லை, போர்ட்டும் பழுதில்லை. அந்த எழுத்துக்குறி மாட்யூல் வெட்டுப்பட்டிருக்கிறது. அதைச் சேர்த்துக் கட்டினால் அடுத்து ஐஎஸ்ஓ8859-1 இல்லை என்று சொல்லும். ஆகவே பட்டியல் எடுக்கும் முன் கணினியை முழுமையாகப் பயன்படுத்திவிடுங்கள்: தம்ப் டிரைவை மவுண்ட் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட் கார்டைச் செருகுங்கள், கைப்பேசியில் டெதரிங் போடுங்கள், புளூடூத் காதணியை இணையுங்கள், வயர்கார்ட் விபிஎன்னைத் தொடங்குங்கள், ஃபயர்வால் விதிகளை ஏற்றுங்கள், வைஃபையில் சேர்ந்திருங்கள். அதன்பின், ஏற்றப்பட்ட மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதையே லோக்கல்மாட்கான்ஃபிக்குக்குக் காட்டலாம். அந்தக் கோப்பு அடுத்த பதிப்புக்கும் உதவும்.

பிழைநீக்கத் தகவலை அணைத்துவிடுங்கள். மெனுகான்ஃபிக்கில் கெர்னல் ஹேக்கிங் பகுதியில் டீபக் தகவல் வேண்டாம் என்ற தெரிவு இருக்கிறது. முழு கான்ஃபிக்கோடு அதை விட்டுவைத்தால் கட்டும் அடைவு 20 ஜிபியைக் கடக்கும். பிடிஎஃப் எனும் டேட்டா வகைத் தகவல் வேறு சேர்ந்தால் பஹோல் கருவியும் வேண்டும், இணைக்கும் கட்டத்தில் ராமும் திணறும். லோக்கல்வெர்ஷனில் '-வீடு' என்பது போல ஓர் ஒட்டுப்பெயர் கொடுங்கள். இல்லையென்றால் அதே பதிப்பை மறுபடி கட்டும்போது பழைய மாட்யூல்களின் மேலேயே புதியவை விழும்.

இந்தக் கணினிக்கு மேக் கட்டளையில் ஜே4 (ஒரே நேரத்தில் நான்கு வேலைகள்) போதும். ராம் அல்ல, சூடுதான் இங்கே தடை. ஏர்கான் இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் பிற்பகல் 31, 32 பாகை சர்வசாதாரணம். நான்கு வேலைகளும் ஓடும்போது கோர் வெப்பம் 90ஐத் தொடும், அதன்பின் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்எம்-சென்சர்ஸ் போட்டு வெப்பத்தையும், சிஸ் அடைவில் இருக்கும் ஸ்கேலிங் கர் ஃப்ரீக் கோப்பில் வேகத்தையும் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி மேசை மின்விசிறியைத் திருப்பிவிடுவதே பாதி வைத்தியம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது மீதி. புகைமூட்டக் காலம் முடிந்ததும் ஹீட்சிங்க் துடுப்புகளைத் திறந்து பாருங்கள், தூசி மெத்தையாகப் படிந்திருக்கும். மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 45 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.045 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் ஒன்றரைக் காசைத் தொடாது. ஏர்கானைப் போட்டால்தான் கணக்கு மாறும்.

முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் சிகேஷ் இருந்தால் இரண்டாம் முறை கட்டுவது வெகுவேகம். ஒரு நிபந்தனை: கேபில்ட் டைம்ஸ்டாம்ப் மாறியை நிலையான ஒரு மதிப்பில் வையுங்கள். நேர முத்திரை ஒவ்வொரு முறையும் மாறினால் அது இடம்பெறும் கோப்புகளுக்கு சிகேஷ் உதவாது.

கட்டி முடித்தபின் மாட்யூல்களை நிறுவும்போது இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப் மாறிக்கு 1 கொடுக்க மறக்காதீர்கள். டீபக் தகவலோடு கட்டிய மாட்யூல்களை அப்படியே வைத்தால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ராமில் ஏறும் சிறு கோப்புத்தொகுப்பு) ஊதிப்போய் பூட் பகிர்வே நிறைந்துவிடும். பிறகு அதை உருவாக்கும் எம்கேஇனிட்எஃப்எஸ்ஸை முழுப் பதிப்புப் பெயரோடு ஓட்டுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஃபீச்சர்ஸ் என்ற வரியில் இருப்பதுதான் உள்ளே போகும். இந்தக் கணினிக்கு ஏடிஏ, புதிய கணினிக்கு என்விஎம்இ, கூடவே உங்கள் கோப்பு முறைமை. ஒன்று விட்டுப்போனாலும் ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி அவசர ஷெல்லில் நிறுத்திவிடும். பயாஸ் முறையில் பூட்லோடர் எக்ஸ்ட்லினக்ஸ்: கெர்னலுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கும் ஒரே ஒட்டுப்பெயர் வைத்தால் அப்டேட்-எக்ஸ்ட்லினக்ஸ் இரண்டையும் ஜோடி சேர்த்துக்கொள்ளும். ஆல்பைனின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கெர்னலை எப்போதும் நீக்காதீர்கள். புதியது பூட் ஆகாத நாளில் திரும்பிப் போக வழி அது ஒன்றுதான்.

இவ்வளவும் செய்தால் கணினி வேகமாகுமா? உலாவியும் எடிட்டரும் திறக்கும் வேகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பூட் நேரம் கொஞ்சம் குறையும். ஒரு பேட்சைச் சேர்க்க, அணைக்கப்பட்டிருக்கும் ஒரு டிரைவரை இயக்க, அல்லது கெர்னல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளே புகுந்து பார்க்க வேண்டும் என்றால் செய்யுங்கள். வேகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மென்பொருள் பக்கம் வந்தால் மசலின் குணங்கள் தெரிய வேண்டும். எக்ஸெக்இன்ஃபோ ஹெடர் இல்லை. பேக்ட்ரேஸ் (பிழை நேர்ந்த இடம்வரையான அழைப்புத் தொடர்) எடுக்கும் நிரல்கள் அங்கேயே நிற்கும், அந்தப் பகுதியை அணைப்பதுதான் வழி. அடைவுகளை வலம்வரும் எஃப்டிஎஸ் வேண்டுமென்றால் மசல்-எஃப்டிஎஸ்-டெவ், கட்டளைத் தெரிவுகளைப் படிக்கும் ஆர்க்பி வேண்டுமென்றால் ஆர்க்பி-ஸ்டாண்ட்அலோன் என்று தனிப் பேக்கேஜ்கள் இருக்கின்றன. பெரிய கோப்புகளுக்கான ஆஃப்64 போன்ற பெயர்களை மசல் 1.2.4 இயல்பாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பழைய மூலநிரலில் அவை தென்பட்டால் சாதாரணப் பெயருக்கு மாற்றிவிடலாம், மசலில் அது எப்போதுமே 64 பிட்தான். ஜிசிசி கம்பைலர் 14 இன்னொரு கண்டிப்பைக் கொண்டுவந்தது. அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைத்தால் முன்பு எச்சரிக்கை, இப்போது பிழை. அதை எச்சரிக்கையாகத் திருப்பிவைக்கும் கொடியைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். மசலில் அந்த ஃபங்ஷனே இல்லை என்றால் லிங்க் கட்டத்தில் எப்படியும் விழும். இருந்தும் அறிவிப்பு விட்டுப்போயிருந்தால் பாயின்டர் 32 பிட்டாகச் சுருங்கி, ஓடும்போது விழும். அது இன்னும் மோசம்.

கம்பைல் ஆகிவிட்டது, ஓடவும் ஓடுகிறது, கனமான வேலை கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் முதலில் த்ரெட் ஸ்டாக்கை (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒதுக்கப்படும் நினைவகம்) சந்தேகியுங்கள். மசலில் ஒரு த்ரெட்டுக்கு இயல்பாக 128 கேபி. ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. லிங்கருக்கு ஸ்டாக்-சைஸ் தெரிவில் 1048576 கொடுத்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ராம் பிரச்சினை வருவது சி++இல்தான். கெர்னலின் சி கோப்புகள் சின்னவை. டெம்ப்ளேட் நிறைந்த ஒரு சி++ கோப்பு தனியாகவே 1 ஜிபியை விழுங்கும். சி++ கம்பைலரான சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்ற செய்தி வந்தால் நிரலில் பிழை இல்லை, கெர்னல் ராமைக் காப்பாற்றக் கொன்றிருக்கிறது. ஜே2க்கு இறக்குங்கள், ராமின் ஒரு பகுதியைச் சுருக்கிய ஸ்வாப்பாக்கும் இசட்ராம்-இனிட் போடுங்கள்.

ஓசிஆர் மென்பொருளான டெசராக்ட்டை எடுத்துக்கொள்வோம். பேக்கேஜாகவே கிடைக்கிறது, சாதாரண வேலைக்கு அதுவே போதும். பழைய தமிழ் அச்சுப் பக்கங்களை வாசிக்க வைக்க வேண்டும் என்றால் கதை வேறு. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களுக்கு மாடலை மேற்கொண்டு பயிற்றுவிக்க வேண்டும். அப்போது பயிற்சிக் கருவிகளோடு மூலநிரலிலிருந்து கட்டுவது வசதி. லெப்டோனிக்கா-டெவ், ஐசியு-டெவ், பாங்கோ-டெவ், கெய்ரோ-டெவ், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் வேண்டும். ஐசியுவோ பாங்கோவோ இல்லாவிட்டால் கான்ஃபிகர் நிற்காது. பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு வெற்றிகரமாக முடிந்துவிடும். டெசராக்ட் படங்களை வாசிக்கப் பயன்படுத்தும் லெப்டோனிக்காவையும் நீங்களே கட்டினால் இதே கதைதான்: பிஎன்ஜி டெவ் பேக்கேஜ் இல்லாமல் கட்டியது ஒழுங்காக நிறுவப்படும், படத்தைக் கொடுத்த பிறகுதான் பிஎன்ஜி வாசிக்கும் ஃபங்ஷன் இல்லை என்று சொல்லும். கான்ஃபிகர் முடிந்ததும் மேலே உருட்டி, அது எதையெல்லாம் 'இல்லை' என்று போட்டிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். மேற்கொண்டு பயிற்றுவிக்க பெஸ்ட் வகைத் தமிழ் மாடல்தான் உதவும், ஃபாஸ்ட் வகை முழுஎண்ணாக்கப்பட்டது என்பதால் ஆகாது. நிறையப் பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டும்போது ஓஎம்பி த்ரெட் லிமிட் மாறியை 1 ஆக வைத்து, இரண்டு மூன்று டெசராக்ட்டுகளைத் தனித்தனியாக ஓட்டுவது இந்த சிபியுவில் நன்றாக ஓடுகிறது.

கட்டியதை நேரே யூஎஸ்ஆர் லோக்கலில் நிறுவினால் ஏபிகேவுக்கு அது தெரியாது; எது எங்கே போனது என்று பின்னால் தேட வேண்டிவரும். ஆல்பைனின் பேக்கேஜ் கட்டும் கருவியான ஏபில்ட் பழகிக்கொள்வது நல்லது. ஏபில்ட்-கீஜென் ஒருமுறை, பிறகு ஏபிகேபில்ட் கோப்பை எழுதி, செக்சம் எடுத்து, ஏபில்ட்-ஆர் கொடுத்தால் கையொப்பமிட்ட பேக்கேஜே கிடைக்கும், நீக்குவதும் ஒரு கட்டளை. எந்த மென்பொருளையும் மசலில் கட்டப் போகுமுன் ஆல்பைனின் பேக்கேஜ் செய்முறைகள் இருக்கும் ஏபோர்ட்ஸ் களஞ்சியத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். வேறொருவர் எழுதிய மசல் பேட்ச் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

கெர்னலைப் பொறுத்தவரை இன்னொன்று. நீங்கள் கட்டியது ஏபிகே அப்கிரேடில் புதுப்பிக்கப்படாது. 6.12 வரிசையில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் புதிய பதிப்பை இறக்கி, பழைய கான்ஃபிக்கை வைத்து, ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி மறுபடி கட்டுவது உங்கள் பொறுப்பு. அந்த நேரம் இல்லாதவர்கள் எல்டிஎஸ் பேக்கேஜிலேயே இருந்துகொண்டு, தேவைப்படும் மென்பொருளை மட்டும் கட்டிக்கொள்ளலாம்.