சாவி வாட்சா, ஆட்டோமேட்டிக்கா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முதல் சுவிஸ் வாட்ச் தேடுகிறவர்களுக்கு, கையால் திருகி ஓடவைக்கும் சாவி வாட்சையே சொல்வோம். உறுப்புகள் குறைவு, மெலிது, சர்வீஸ் செலவும் குறைவு. தினமும் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி, 20 முதல் 30 சுற்று சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள். கட்டியபடியே திருகினால் சாவித் திருகைத் தாங்கும் தண்டு பக்கவாட்டில் அழுந்தித் தேயும்.

ஆட்டோமேட்டிக்கைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்தவர் 1920களில் ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹார்வுட். 1931-இல் ரோலெக்ஸ் முழுவட்டம் சுழலும் எடைத் தகடான ரோட்டரைப் பொருத்தியது. கை அசைந்தாலே அது சுழன்று, வாட்சை ஓட்டும் ஸ்பிரிங் ஏறும். நிறைந்தபின் ஸ்பிரிங்கின் வெளிமுனை வழுக்கிவிடும் என்பதால் அளவுமீறி ஏறாது. ஆனால் தடிமன் கூடுதல், ரோட்டரின் அச்சு தேய்ந்தால் அது உரசும். மேசை வேலைக்காரர்களுக்குச் சரியாக ஏறாமலும் போகலாம். தேதி காட்டும் வாட்சில் இரவு 9 முதல் 3 வரை தேதியைத் திருத்தாதீர்கள். பல மாடல்களில் பல்சக்கரம் உடையும்.

எதை வாங்கினாலும் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பர்மாவிலிருந்து வந்தது என்ற கதைக்குப் பணம் தராதீர்கள். டயல் எழுத்து பிசிறடித்தால், அது பிற்பாடு அடித்த மறுபூச்சு. திடீரென வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டியிருக்கும். காந்தநீக்கியில் சில நொடிகளில் சரியாகும். பின்மூடியில் ஈரம் புகாமல் காக்கும் பழைய ரப்பர் வளையம் இறுகிக் கெட்டியாகியிருந்தால் சித்திரை வியர்வையே உள்ளே துருவேற்றும். முதலில் அதை மாற்றுங்கள்.