சீரியம் ஆக்சைடு பாலிஷ் கிட்: கார் கண்ணாடிக்கு வாங்கலாமா?

100 கிராம் பொடி, 3 அங்குல ஃபெல்ட் பேடு, டிரில்லில் மாட்ட ஒரு தண்டு. கண்ணாடிக் கீறலைப் போக்கவென்று இப்படி ஒரே டப்பாவில் வரும் கிட்டுகள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. பொடி தரம், பேடு சுமார், கூட வரும் துண்டுச்சீட்டு வீண். வைப்பர் உரசிய மெல்லிய கோடுகளுக்கும், உப்புத்தண்ணீர் காய்ந்து படிந்த திட்டுக்கும் தாராளமாக வாங்கலாம். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறலுக்கு வாங்கினால் காசு தண்டம்.

லேபிளில்தான் முதல் குழப்பம். ஒரு டப்பாவில் சீரியம் ஆக்சைடு, இன்னொன்றில் சீரிக் ஆக்சைடு, வேறொன்றில் சீரியா, சீரியம் டைஆக்சைடு என்று இருக்கும். விலையும் வேறு வேறாகப் போட்டிருப்பார்கள். நான்கும் ஒரே பொருள்தான்: ஒரு சீரியம் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன். சந்தேகம் இருந்தால் சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் அடையாள எண்ணைப் பாருங்கள், 1306-38-3 என்று இருக்க வேண்டும். பெயருக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் நான்கு இருந்தாலும் சரியே. மூன்று என்று இருந்தால் அது வேறு சேர்மம், பாலிஷுக்கு அதைத் தேட வேண்டாம்.

அடுத்தது '99.99% தூய்மை' என்ற விளம்பரம். இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும், சீரியம் கிடைக்கும் கனிமமான மோனசைட்டை எடுத்துக்கொண்டால், அதில் சீரியத்தோடு லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற உலோகங்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிக்கத்தான் செலவு. பாலிஷ் பொடிக்கு அந்தப் பிரிப்பு முழுதாகத் தேவையில்லை. லாந்தனமும் கொஞ்சம் ஃபுளோரினும் கலந்த பொடி பல நேரங்களில் சுத்தப் பொடியைவிட வேகமாகவே வேலை செய்யும். பார்க்க வேண்டியது துகள் அளவு. 1 முதல் 3 மைக்ரான் வரை இருந்தால் கார் கண்ணாடிக்குப் போதும். துகள் அளவே போடாத டப்பாவை ஒதுக்கிவிடுங்கள்.

சுத்தப் பொடி வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. பிரசியோடிமியம் கலந்தது இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், அது குறையல்ல. ஆனால் ஈர விரலில் தொட்டதும் அடர்சிவப்பாக அப்பிக்கொண்டால் அது ரூஜ், அதாவது இரும்பு ஆக்சைடு. அதுவும் பழைய கண்ணாடிப் பாலிஷ் பொடிதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும், ரப்பர் பீடிங்கையும் கறையாக்கும். சீரியத்தின் விலைக்கு அதை வாங்க வேண்டியதில்லை.

இந்தப் பொடி வெறுமனே தேய்த்துக் கரைப்பதில்லை. ஈரமான கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிலிக்காவோடு வேதிப்பிணைப்பு உண்டாக்கி, அதை மிக மெல்லிய அளவில் பெயர்த்தெடுக்கிறது. அதனால் தண்ணீர் இல்லாமல் வேலை நடக்காது. ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், கெட்டி மோர் பதம். கலக்கி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பொடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 7 மடங்கு என்பதால் சீக்கிரம் அடியில் தங்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கலக்க வேண்டும்.

கண்ணாடியை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பெயின்ட்டையும் ரப்பரையும் மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள், காய்ந்த பொடி ரப்பர் இடுக்கில் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. டிரில் வேகம் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்றுக்குள் இருக்கட்டும். நிழலில் வேலை செய்யுங்கள். பேடை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், காயத் தொடங்கினால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடியுங்கள். கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பு இருக்கலாம், சுட்டால் நிறுத்துங்கள். ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், ஏற்கெனவே கல்தெறிப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். உள்ளங்கை அளவு இடத்துக்கே அரை மணி நேரம் பிடிக்கும். 'ஐந்தே நிமிடத்தில்' என்று டப்பாவில் இருப்பதை நம்பாதீர்கள்.

கிட்டின் பெரிய பலவீனம் பேடின் வெல்க்ரோ. சூட்டிலும் ஈரத்திலும் பசை இளகிக் கழன்றுவிடுகிறது. பொடியை மட்டும் தனியாக வாங்கி, நல்ல ஃபெல்ட் பேடைக் கண்ணாடிக் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ எடுப்பது மேல். அந்தப் பேடு சீரியத்துக்கு மட்டுமே. உப்புத்தாள் தேய்த்த இடத்தில் வைத்தால் ஒரு கரடான துகள் ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகப் புதுக் கீறல் போடும்.

ஆழக் கீறலை இதைக்கொண்டே விடாப்பிடியாகத் தேய்ப்பவர்கள் உண்டு. கீறல் மங்கும், அந்த இடம் குழியாகும், அதன் வழியே எதிரே வரும் வண்டியின் விளக்கு நெளிந்து தெரியும். ஓட்டுநரின் பார்வைக்கு நேரே என்றால் இந்த வேலையே வேண்டாம், கண்ணாடியை மாற்றுங்கள்.

மூக்குக்கண்ணாடிக்கும் போனுக்கும் இதே பொடி என்று விற்பது தவறு. பிளாஸ்டிக் லென்ஸுக்கு அலுமினா பாலிஷ்தான் பயன்படுத்துவார்கள். அதிலும் மேல்பூச்சு இருந்தால் எந்தப் பொடியும் பூச்சைத்தான் முதலில் எடுக்கும். போன் திரையில் விரல்ரேகை படியாமல் காக்கும் பூச்சும் அப்படியே போய்விடும்.