பாலாற்றுக் கிணறுகளுக்கு வெள்ளக் காப்பு: எந்த நிதியைக் கேட்பது?

ஆந்திராவிலிருந்து புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஆற்றங்கரை ஊர்களுக்குப் படுகைக் கிணற்று நீர் பெரிய ஆதாரம். 2021 நவம்பரைப் போல ஆறு பெருகினால் முதலில் மூழ்குவது மோட்டாரை இயக்கும் மின்பெட்டியான ஸ்டார்ட்டர் பேனல். அடுத்து மூடி இடுக்கு வழியே கிணற்றில் சேறு இறங்கும். மணல் அரிபட்டு, புதைந்திருந்த குழாய் வெளியே வந்து இணைப்பில் கழன்றுவிடும்.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் கேட்பது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. கிணறு, குழாய் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் உடைந்ததை உடனே சரிசெய்யத்தான். பேனல் பழைய மேடையிலேயே மறுபடி உட்காரும், அடுத்த வெள்ளத்தில் மறுபடி மூழ்கும்.

தணிப்பு நிதி வேறு; அடுத்த வெள்ளத்தின் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கானது. 15ஆவது நிதிக்குழு (2021-26) மாநிலப் பேரிடர்த் தொகையில் 80 விழுக்காட்டை நிவாரணத்துக்கும் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கும் பிரித்தது. தமிழ்நாட்டில் ஒன்றியப் பங்கு 75, மாநிலப் பங்கு 25. உள்ளூர் அளவிலான பணிகளுக்கே இது. கடற்சுவர், பெரிய வெள்ளக்கரைகளை வழக்கமான திட்டங்களில் செய்யச் சொல்லிவிட்டது குழு. கோப்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியே சென்னைக்குப் போகும். ‘புதிய கிணறு’ என்று தலைப்பிட்டால் வளர்ச்சிப் பணியாகத் தெரியும். ‘குழாய் அரிபடாமல் காப்பு’ என்று எழுதுங்கள். வெள்ளம் ஏறிய உயரம், குடிநீர் நின்ற நாட்கள், பழுதுபார்த்த பில், லாரித் தண்ணீர்ச் செலவு எல்லாம் இணையுங்கள். நீர்வளத் துறையின் இசைவைக் கடைசியில் கேட்காதீர்கள். படுகையில் கோடையில்தான் வேலை நடக்கும். ஒரு கோடை போனால் ஓராண்டே போனது.

ஊராட்சிகளின் கைக்கு எட்டுவது நிதிக்குழு மானியம். 2021-26 விதிப்படி ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு ‘டைடு’, அதாவது குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே செலவிடக்கூடியது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. கிராமசபையில் வைத்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பேனலை வெள்ளக்கோட்டுக்கு 2 அடி மேலே ஏற்றுவது, கிணற்று உறையை உயர்த்தி ரப்பர் வாஷருடன் மூடி போடுவது, மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைப்பது எல்லாம் இதில் முடியும். 10 எச்பி மோட்டாருக்கு 25 கேவிஏ ஜெனரேட்டர் பேசிவையுங்கள். சிறியதாக இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே வோல்டேஜ் விழுந்து டிரிப் ஆகும்.

நகராட்சிகளுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் உண்டு. வெள்ளக் காப்பு வேலை தனி வருவாய் தராது என்பதால், குழாய் மாற்றும் பெரிய பணியோடு சேர்த்தால்தான் தவணை கட்டுப்படியாகும்.

எங்கள் பரிந்துரை: பேனல், மூடி, சுவிட்ச் மூன்றையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மானியத்தில் முடியுங்கள். ஆற்றைக் கடக்கும் குழாய்க்கான கான்கிரீட் உறை, குழாய் நகராமல் பிடிக்கும் நங்கூரக் கட்டைகளைத் தணிப்பு நிதிக்கு அனுப்புங்கள். புதிய நிதிக்குழுக் காலத்துக்கான ஆணையை எழுத்தரிடம் கேட்டு, விழுக்காடுகளைச் சரிபார்த்த பிறகே தீர்மானம் எழுதுங்கள்.